ஹாம்ஸ்டரைத் தனியா விட்டுட்டுப் போகலாமா? அலெப்போ கோதுமை வயல் சொல்லும் பதில்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்னக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. பொங்கல், தீபாவளி, லாங் வீக்கெண்ட்னு வந்தாலே செல்லப்பிராணி வளர்க்கிற வீடுகள்ல ஒரு பேச்சு ஓடும். நாய் இருந்தா யார்கிட்டயாவது விட்டுட்டுத்தான் போகணும், அதுல சந்தேகமே இல்லை. பூனைன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவியைக் கொடுத்துட்டுப் போவோம். ஹாம்ஸ்டர்? அங்கதான் எல்லாரும் கொஞ்சம் அசால்ட்டா இருக்கோம். "உள்ளங்கை சைஸ் பிராணி. கிண்ணம் நிறையத் தீனி, பாட்டில் நிறையத் தண்ணி வெச்சா மூணு நாலு ராத்திரி ஓட்டிடும். அதுக்குத் தனியா இருக்கத்தானே பிடிக்கும்?"

இதுல பாதி உண்மை. ஹாம்ஸ்டருக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும். ஆனா "தனியா" அப்படிங்கிற சொல்லுக்கு அதோட அகராதியில ஒரு அர்த்தம், நம்ம அகராதியில வேற அர்த்தம். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் பிரச்சினை. அதைப் புரிஞ்சுக்க, நம்ம வீட்டுக் கூண்டுல இருக்கிற இந்த ஜீவன் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். நான் பேசப்போறது சிரியன் ஹாம்ஸ்டரைப் பத்தி. கோல்டன் ஹாம்ஸ்டர்னும் சொல்வாங்க. டெடி பியர்னு சொல்லி விற்கிற முடி அடர்ந்த வகையும் இதேதான்.

பேர்லயே ஊர் இருக்கு. சிரியா. இன்னும் குறிப்பா, அலெப்போ.

கன்னத்துக்குள்ள ஒரு மூட்டை

பதினெட்டாம் நூற்றாண்டுல அலெப்போ பெரிய வணிக நகரம். அங்க இருந்த ஆங்கிலேய வணிகர்களுக்கு மருத்துவரா வேலை பார்த்தவர் அலெக்சாண்டர் ரஸ்ஸல். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவர் அவருடைய தம்பி பேட்ரிக் ரஸ்ஸல். அண்ணன் எழுதின அலெப்போவின் இயற்கை வரலாறு நூலை, தம்பி விரிவாக்கி 1794-ல இரண்டாம் பதிப்பா கொண்டுவந்தார். அதுலதான் நம்ம ஆள் பதிவாகுது. ஒரு ஹாம்ஸ்டரை அறுத்துப் பார்த்தப்போ, அதோட ரெண்டு கன்னப் பைகளிலும் பிஞ்சு பீன்ஸ் வரிசையா, நெருக்கமா அடுக்கி வெச்சிருந்துச்சு. வெளியே எடுத்து மேஜை மேல பரப்பினா, அந்தக் குவியல் ஹாம்ஸ்டரின் உடம்பைப் போல மூணு மடங்கு.

இந்தப் பேட்ரிக் ரஸ்ஸல் நமக்குப் புதியவர் இல்லை. அலெப்போவுக்குப் பிறகு அவர் இந்தியா வந்தார். மெட்ராஸ் மாகாணத்துல கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரா இருந்து, பாம்புகளை ஆராய்ந்தார். கண்ணாடி விரியனை இங்கிலீஷ்ல ரஸ்ஸல்ஸ் வைப்பர்னு சொல்றோமே, அந்த ரஸ்ஸல் இவர்தான்.

ரஸ்ஸல் சகோதரர்கள் அதை ஐரோப்பாவுல ஏற்கனவே தெரிஞ்ச ஹாம்ஸ்டர்னே நினைச்சாங்க. அது தனி இனம்னு சொன்னவர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ். 1839-ல லண்டன் விலங்கியல் சங்கத்துல, அலெப்போவிலிருந்து வந்த ஒரே ஒரு மாதிரியை வெச்சு அதுக்குப் பேர் கொடுத்தார். ஆரட்டஸ். லத்தீன்ல 'பொன்னிறமானது'ன்னு அர்த்தம்.

ஹாம்ஸ்டரோட பேர்கள்ல ஒரு சுவாரசியம் இருக்கு. ஜெர்மன் மொழியில ஹாம்ஸ்டரை வெச்சே ஒரு வினைச்சொல் உண்டு: ஹாம்ஸ்டர்ன். பதுக்கி வைக்கிறதுன்னு அர்த்தம். 2020 மார்ச்ல கொரோனா பயத்துல கடைகளை மக்கள் காலி பண்ணினப்போ, ஜெர்மன் செய்தித்தாள்கள் அதை ஹாம்ஸ்டர் கொள்முதல்னுதான் எழுதின. ஹீப்ருவுல இதோட பேர் ஓகேர். அதுக்கும் சேர்த்து வைக்கிறவன்னுதான் அர்த்தம். ஆக, எந்த ஊர்ல யார் பார்த்தாலும் முதல்ல கண்ணுல பட்டது இந்தச் சேமிப்புக் குணம்தான். நம்ம ஊர்லயும் வயல் எலி வளையைத் தோண்டினா உள்ளே நெற்கதிர் கிடைக்கும் இல்லையா, அதே கணக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில தேவைப்படும்.

மெட்ராஸ் ஜி.ஹெச்.சிலிருந்து ஜெருசலேம் வரை

பேர் வெச்சதோட சரி. அடுத்த தொண்ணூறு வருஷம் இந்த ஹாம்ஸ்டரை யாரும் பெருசா தேடல. தேட வெச்சது ஒரு நோய்.

காலா அசார். கருங்காய்ச்சல்னும் சொல்வாங்க. மாசக்கணக்கா காய்ச்சல், மண்ணீரல் வீங்கும், உடம்பு உருகும், சிகிச்சை இல்லைன்னா பெரும்பாலும் மரணம். வங்காளம், அஸ்ஸாம், பீகார் பக்கம் ஊர் ஊரா மக்களைக் கொன்ன நோய் இது. இதுக்குக் காரணமான ஒட்டுண்ணியை 1903-ல ரெண்டு பேர் தனித்தனியா அறிவிச்சாங்க. ஒருத்தர் வில்லியம் லீஷ்மன். கல்கத்தா பக்கத்துல டம் டம்ல பணியாற்றி நோயில இறந்த ஒரு படைவீரரோட மண்ணீரலை ஆராய்ந்தவர். இன்னொருத்தர் சார்லஸ் டொனவன். அவர் அதைக் கண்டது நம்ம சென்னையில. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல இன்னைக்கு ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைன்னு சொல்ற அதே ஜி.ஹெச்.லதான். ரெண்டு பேர் பேரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டொனவானின்னு பேர் வெச்சது, மலேரியா கொசுவைக் கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ்.

கிருமி தெரிஞ்சாச்சு. அது எப்படிப் பரவுது, எந்த மருந்து அதைக் கொல்லும்னு பார்க்க ஒரு ஆய்வுக்கூட விலங்கு வேணும். 1920-கள்ல சீனாவுல வேலை செஞ்சவங்க ஒரு விஷயம் கண்டுபிடிச்சாங்க: சீன ஹாம்ஸ்டருக்கு இந்த நோய் நல்லாத் தொத்துது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துல ஒட்டுண்ணி ஆய்வு செஞ்ச சால் ஆட்லரும் அந்தச் சீன ஹாம்ஸ்டர்களைத்தான் வரவழைச்சார். ஆனா கூண்டுக்குள்ள அது குட்டி போட மறுத்துச்சு. ஒவ்வொரு தடவையும் சீனாவிலிருந்தே தருவிக்கணும். அலுத்துப்போன ஆட்லர், விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனிகிட்ட ஒரு உதவி கேட்டார். "இந்தப் பக்கத்து ஹாம்ஸ்டர் ஏதாவது பிடிச்சுத் தர முடியுமா?"

எட்டு அடி ஆழம், ஒரு தாய், பதினொரு குட்டி

1930 ஏப்ரல் 12. அலெப்போ அருகே ஒரு கோதுமை வயல். அஹரோனியோட உள்ளூர் வழிகாட்டி கிராமத் தலைவர்கிட்ட பேசி, கூலிக்கு ஆள் பிடிச்சார். தோண்ட ஆரம்பிச்சாங்க. வயலில் நல்ல பங்கு நாசமாகிற அளவுக்குத் தோண்டினாங்க. அஹரோனி தன் நினைவுக் குறிப்புல சொல்றபடி, எட்டு அடி ஆழத்துல ஒரு கூடு கிடைச்சுது. உள்ளே ஒரு தாய், பதினொரு குட்டிகள்.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. இதுக்கப்புறம் நடந்ததுதான் நம்ம எபிசோடுக்கு முக்கியம்.

எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டாங்க. தாய்க்கு என்ன தோணுச்சோ, கிட்ட வந்த முதல் குட்டியோட தலையைக் கடிச்சுக் கொன்னுடுச்சு. மீதிக் குட்டிகளையாவது காப்பாத்தணும்னு அஹரோனி அந்தத் தாயை சயனைடு ஜாடியில போட்டுக் கொன்னார். அவரும் அவர் மனைவியும் குட்டிகளைக் கையால ஊட்டி வளர்த்தாங்க. நடுவுல ஒரு தடவை எல்லாம் கூண்டை விட்டுத் தப்பி ஓடி, தேடிப் பிடிச்சதுல ஒன்பதுதான் திரும்பக் கிடைச்சுது.

அந்த ஒன்பதும் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பாளர் ஹைன் பென்-மெனாகெம். அவர் அதுங்களை மரத்தளம் போட்ட கூண்டுல விட்டுட்டுப் போனார். ஒரே ஒரு ராத்திரி. காலையில வந்து பார்த்தா, தளத்துல ஓட்டை. அஞ்சு ஹாம்ஸ்டரைக் காணோம். எதுவும் உயிரோட கிடைக்கல.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சுலபத்துல கையில கிடைக்காத ஒரு பிராணி. ஒரு வயலையே பெயர்த்துக் கொண்டுவந்த குடும்பம். பார்த்துக்கிறவர் கத்துக்குட்டியும் இல்லை, விலங்குக் கூடத்தை நடத்துறவர். தீனி இருந்துச்சு, கூண்டு இருந்துச்சு, யாருக்கும் அலட்சியமும் இல்லை. ஆனாலும் கண்ணு முழிச்சுப் பார்க்க ஆள் இல்லாத அந்த ஒரு ராத்திரியில பாதிக்கு மேல போயிடுச்சு. மிஞ்சினது நாலு.

வைக்கோல் கூண்டு

அந்த நாலைக் கையில வெச்சுக்கிட்டு பென்-மெனாகெம் செஞ்ச காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் ஒரு பெரிய கம்பி வலைக் கூண்டை எடுத்து, அதுக்குள்ள வைக்கோலை அழுத்தி அழுத்தித் திணிச்சார். மேல மட்டும் சில சென்டிமீட்டர் இடம் விட்டு, வெளிச்சம் வர்ற மாதிரி வெச்சார். முதல்ல பெண் ஹாம்ஸ்டரை விட்டார். அது வைக்கோலுக்குள்ள குடைஞ்சு குடைஞ்சு தனக்கு ஒரு கூடு கட்டிக்கிச்சு. அப்புறம்தான் ஆணை உள்ளே விட்டார். துரத்தல், ஓட்டம், கடைசியில இணை சேர்ந்துச்சு.

அதாவது, ஹாம்ஸ்டரைக் கூண்டுக்குப் பழக்கப்படுத்த அவர் முயற்சி செய்யல. கூண்டை மண்ணு மாதிரி மாத்தினார். சீன ஹாம்ஸ்டர்கிட்ட நடக்காதது இங்க நடந்துச்சு.

அதுக்கப்புறம் நிறுத்தவே முடியல. சிரியன் ஹாம்ஸ்டரோட கர்ப்ப காலம் 16 நாள்தான். ஒரு வருஷத்துல 150 ஆச்சு. எல்லாமே அண்ணன் தங்கச்சிக்குப் பிறந்த வம்சம். 1931-ல ஆட்லர் சிலதைத் தன் கோட்டுப் பாக்கெட்டுலயே போட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1938-ல அமெரிக்கா போச்சு. போருக்குப் பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து செல்லப்பிராணிக் கடைக்கு வந்துச்சு. இன்னைக்கு உலகம் பூரா வீடுகள்ல இருக்கிற சிரியன் ஹாம்ஸ்டர்கள்ல கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு வளையிலிருந்து வந்த குட்டிகளோட வாரிசு. சென்னை அபார்ட்மென்ட்ல சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கிற உங்க வீட்டு ஹாம்ஸ்டருக்கும் கொள்ளுப்பாட்டி அந்த அலெப்போ தாய்தான்.

காட்டுல அது எப்படித் தனியா இருக்கு?

வம்சம் பரவிடுச்சு. ஆனா சொந்த மண்ணுல அது எப்படி வாழுதுன்னு ரொம்ப வருஷம் யாரும் சரியாப் பார்க்கல. 1990-களின் கடைசியில ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் காட்டர்மன் குழு அலெப்போ பக்கத்து வயல்களுக்குப் போச்சு. வளைகளை அளந்தாங்க. சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர், சிலது ஒரு மீட்டருக்கும் மேல. எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒண்ணுக்கு மேல இல்லை. ஒரு வளைக்கும் அடுத்த வளைக்கும் நடுவுல நூறு மீட்டருக்கு மேல இடைவெளி.

ஆக, தனிமைங்கிறது உண்மை. ஜோடியா இருந்தா பேச்சுத் துணையா இருக்கும்னு ரெண்டு சிரியன் ஹாம்ஸ்டரை ஒரே கூண்டுல விட்டுட்டுப் போறது ரொம்பத் தப்பு. திரும்பி வரும்போது ஒண்ணுதான் இருக்கும்.

2008-ல அதே குழு இன்னொரு ஆச்சரியத்தை வெளியிட்டுச்சு. கூண்டுல ராத்திரி விழிச்சிருக்கிற இந்தப் பிராணி, அலெப்போ வயல்ல பகல்ல நடமாடுது. அவங்க கண்காணிச்ச பெண் ஹாம்ஸ்டர்கள் பகல் வெளிச்சத்துலதான் வெளியே வந்துச்சு. அதுவும் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் மண்ணுக்குள்ள. இது ஏன் இப்படின்னு விவாதம் இன்னும் முடியல. நமக்கு வேண்டிய பாடம் வேற. நம்ம கூண்டுல பார்க்கிற பழக்கத்தை வெச்சு "இது இப்படிப்பட்ட பிராணி"ன்னு சட்டுன்னு முடிவு பண்ணக் கூடாது.

இப்போ அந்த ரெண்டு அகராதிக்கு வருவோம். அலெப்போவுல தனியா இருக்கிறதுன்னா என்ன? தலைக்கு மேல அரை மீட்டர் மண். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. தானே சேர்த்த தானியம். பிடிக்கலைன்னா, ஆபத்து வந்தா, போறதுக்கு வழி. நம்ம வீட்டுல தனியா இருக்கிறதுன்னா? நாலு சுவர், ஒரு பாட்டில், ஒரு கிண்ணம், பூட்டின கதவு. தன்னைக் காப்பாத்திக்க அது காட்டுல பயன்படுத்துற ஒவ்வொரு வழியையும் நாம எடுத்துட்டோம். அந்த வழிகளுக்குப் பதிலா இருக்கிறது நாம மட்டும்தான். நாமளும் ஊருக்குப் போயிட்டா, அது தனிமை இல்லை. அடைபட்டுக் கிடக்கிறது.

சரி, எத்தனை ராத்திரி?

ஒரு ராத்திரி, முன்னேற்பாடு சரியா இருந்தா, பரவாயில்லை. ரெண்டு ராத்திரி எல்லைக்கோடு. அதுவும் ஆரோக்கியமான, வயசாகாத ஹாம்ஸ்டருக்கு, வெயில் இல்லாத காலத்துல மட்டும். அதுக்கு மேலன்னா தினம் ஒருத்தர் வந்து பார்க்கணும், இல்லைன்னா யார் வீட்டுலயாவது விடணும். காரணங்களையும் சொல்றேன்.

முதல்ல தண்ணி. பாட்டில் முனையில இருக்கிற சின்னக் குண்டு சிக்கிக்கிட்டா, பாட்டில் நிறையத் தண்ணி இருந்தும் ஒரு சொட்டு வராது. சில சமயம் மொத்தமும் ஒழுகி பெட்டிங் நனைஞ்சுடும். அதனால ஒரு ராத்திரின்னாலும் ரெண்டு பாட்டில் மாட்டுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டையும் விரலால தட்டி, தண்ணி வருதான்னு பாருங்க.

ரெண்டாவது தீனி. முதல்ல சொன்ன கன்னப் பையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? கிண்ணம் காலியா இருந்தா தின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்லை, பதுக்கிடுச்சுன்னு அர்த்தம். உலர்ந்த தானியம் பதுங்கினா பிரச்சினை இல்லை. "பாவம், நாலு நாள் இருக்காதே"ன்னு வெள்ளரிக்காய், கேரட், ஆப்பிள்னு குவிச்சுட்டுப் போனீங்கன்னா, அது எல்லாத்தையும் படுக்கைக்கு அடியில கொண்டுபோய் வெக்கும். நம்ம ஊர் வெக்கையில மறுநாளே அழுகிடும். அதையே தின்னும். கிளம்புற அன்னைக்கு ஈரமான தீனி வேண்டாம்.

மூணாவது வெயில். இதுதான் நம்ம ஊர்ல பெரிய ஆபத்து. ஹாம்ஸ்டருக்கு வசதியான வெப்பம் சுமார் 18-லிருந்து 24 டிகிரி. ஜன்னலெல்லாம் சாத்தி, ஃபேனையும் ஆஃப் பண்ணிட்டுப் போன ஒரு மாடி ஃபிளாட் மே மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். காட்டுல அது இன்னும் ஆழமா இறங்கிடும். கூண்டுல இறங்க இடம் இல்லை. ஏசியை ஓடவிட்டுட்டுப் போறேன்னு சொன்னா, கரண்ட் போயிட்டு வந்த பிறகு உங்க ஏசி தானா ஓடுமான்னு முன்கூட்டியே பார்த்துக்கோங்க. கோடையில ஒரு ராத்திரிக்குக்கூட ஆள் ஏற்பாடு பண்றது நல்லது.

நாலாவது நோய். வெட் டெயில்னு ஒரு வயிற்றுப்போக்கு உண்டு, முக்கியமா இளம் ஹாம்ஸ்டர்களுக்கு வரும். ஆரம்பிச்சா ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும். உடனே டாக்டர்கிட்ட கொண்டுபோனாத்தான் வாய்ப்பு. நீங்க வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கட்கிழமை திரும்பினா, அந்த வாய்ப்பு முழுசும் பூட்டின வீட்டுக்குள்ள கழிஞ்சு போயிருக்கும்.

அஞ்சாவது கூண்டு. 1930-ல மரத்தளத்தைக் குடைஞ்ச பல் இன்னும் அதே பல்தான். பிளாஸ்டிக் மூலை, தளர்ந்த கம்பி, சரியா மாட்டாத கதவு எல்லாத்தையும் கிளம்புற முன்னாடி கையால அசைச்சுப் பாருங்க. அப்புறம் பென்-மெனாகெம் வழி: குடையற அளவுக்கு ஆழமா, தாராளமா பெட்டிங் போடுங்க. அதுதான் அதுக்கு வீடு, குளிர்ச்சி, மறைவிடம்.

பார்க்க வர்றவங்ககிட்டயும் தெளிவா சொல்லிடுங்க. கையில எடுத்துக் கொஞ்ச வேண்டாம், கூட்டைக் கலைக்க வேண்டாம். தண்ணி வருதா, பின்பக்கம் ஈரமில்லாம இருக்கா, அசைவு இருக்கா. அஞ்சு நிமிஷ வேலை. கூண்டை அவங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போறதா இருந்தா, பழைய பெட்டிங்கை மாத்தாம அப்படியே கொடுங்க. அது சொந்த வாசனையை நம்பி வாழ்ற பிராணி.

கடைசியா ஒண்ணு. காட்டு சிரியன் ஹாம்ஸ்டர் இன்னைக்கு அழியும் ஆபத்துல இருக்கிற விலங்கு. சிரியா, துருக்கி எல்லையில அது வாழ்ற நிலப்பரப்பு ரொம்பச் சின்னது. அது பிழைக்கிறதும் விவசாய நிலத்துலதான், விவசாயிக்கு அது பயிரைத் தின்னும் எலி. பொறி வைக்கிறாங்க, விஷம் வைக்கிறாங்க. உலகம் பூரா கூண்டுகள்ல கோடிக்கணக்குல பெருகின ஒரு உயிர், தான் பிறந்த வயல்ல குறைஞ்சுக்கிட்டே வருது. அந்தக் கூண்டுகள்ல ஒண்ணு உங்க வீட்டுல இருக்கு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஆளுக்கு போன் போட்டு, சாவியைக் கொடுத்துட்டுப் போங்க.

அடுத்த வாரம் வேற கதையோட சந்திப்போம்.